சின்ன அம்மா

எனக்கு முட்டி வலி கிடையாது. ஆனாலும் அந்த இரண்டு மாதமும் நான் நொண்டிக்கொண்டுதான் திரிந்தேன். கால்பந்து கிளப்பிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். மாடிப்படியில் பாதியில் நின்று "அப்பாடா" என்பேன். என் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, நேத்து வலது காலு, இன்னைக்கு இடது காலா? முதல்ல எந்தக் காலுன்னு முடிவு பண்ணு" என்றாள்.

பொய் சொல்லவும் பழக்கம் வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொய். அதுவும் நான் சொன்னதில்லை. வேறு யாரோ சொன்னதை இத்தனை வருஷமாக நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

சுண்டு என்றால் இந்த நகரத்தில் தெரியாதவர்கள் இல்லை. கால்பந்தில் இடது ஓரத்தில் ஆடுகிறவன். பந்தைக் கால் நுனியால் சுண்டி எதிராளியின் தலைக்கு மேலே அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் ஓடிப்போய்த் தானே வாங்கிக்கொள்வான். அதனால்தான் அந்தப் பெயர் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். அதெல்லாம் இல்லை. பிறக்கும்போது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தான் என்று என் அக்கா வைத்த செல்லப் பெயர். இன்றைக்கு ஒரு மைதானமே நாக்கு சுளுக்க "சுந்தூ, சுந்தூ" என்று கத்துகிறது. அவன் என் அக்கா மகன். ஆனால் அரசாங்கத்தைக் கேட்டால் என் மகன் என்று சொல்லும். கிளப்பைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. ஊரை விட்டு ஓடும்போது அவனுக்கு ஆறு வயது. லாரியில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. கைக்குழந்தையோடு இருந்ததால் என்னை ஏற்றினார்கள். அக்கா அவனைத் தூக்கி என் மடியில் போட்டாள். "நீ போடி, நான் பின்னால வர்ற வண்டியில வரேன்" என்றாள். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை, புகைதான் வந்தது. அவன் அப்பாவும் என் வீட்டுக்காரரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எப்படி என்று கேட்காதீர்கள்.

எங்கெங்கோ அலைந்து இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களை ஒரு பெரிய கூடத்தில் உட்கார வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குப் பால் வாங்கிவரச் சொன்னார். மேசை மேல் ஒரு தொலைபேசி. அதற்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர். நம் பாஷையைப் புத்தகத்தில் படித்தவர் போலிருக்கிறது. "தங்கள் பெயர் யாது?" என்று ஆரம்பித்தார். நான் அரண்டுபோனேன்.

குழந்தை பொய் சொல்லாது என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி என்னை விட்டுவிட்டுக் குனிந்து சுண்டுவைக் கேட்டார். தொலைபேசி நம் பாஷையில் சொன்னது: "இந்த அம்மையார் உனக்கு யார்?"

"சின்னம்மா" என்றான் சுண்டு.

தொலைபேசி கொஞ்சம் யோசித்தது. பிறகு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னது. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கொஞ்சம் குள்ளம். நின்றுகொண்டிருந்தும் அவர் மேசைக்கு மேல் என் தோளும் தலையும்தான் தெரிந்திருக்கும். அவர் சிரித்து, இரண்டு விரலைக் கிட்டத்தில் வைத்துக் காட்டி, ஆமாம், சின்னதுதான் என்பதுபோல் தலையாட்டினார். பையன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான் என்று நானும் சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சின்ன அம்மா. அதாவது, குள்ளமான அம்மா. அந்தப் புத்தகக்காரர் வார்த்தையை நடுவில் உடைத்து இரண்டாக்கிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நான் சுண்டுவுக்கு அம்மா ஆனேன். பிரசவ வலி இல்லை, ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்தான்.

சுண்டுவைப் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் "உங்க மூத்த பையன்" என்று சொன்னபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பேசிக்கொடுக்கக் கூட வந்த நம் ஊர்ப் பெண் என் கையை அமுக்கினாள். "பேசாம இருங்கக்கா. அம்மா இல்லாத பிள்ளைன்னு தெரிஞ்சா வேற குடும்பத்துக்கு அனுப்பிடுவாங்க." அக்கா செத்துவிட்டாள் என்றே நாங்கள் நம்பியிருந்த காலம். எனக்கு அவனையும் இழக்கத் தெம்பில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு ஆஸ்பத்திரியில் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். இந்த முனையை நான் பிடித்தால் அந்த முனையை இன்னொருத்தி பிடிப்பாள். ஒரு மூலை மடிந்து போனாலும் மறுபக்கம் சுருக்கமாக வந்து விழும், திரும்ப நனைத்துத் தேய்க்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுண்டுவின் காலுறைகள் காத்திருக்கும். ரத்தக் கறைக்கு மருந்து உண்டு, எங்கள் கூடத்தில் வாளி வாளியாக வைத்திருந்தார்கள். புல் கறைக்குத்தான் எமனே இல்லை.

அவன் எப்போது பார்த்தாலும் எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்தும் இடத்தில் சுவரோடு பந்து விளையாடிக்கொண்டிருப்பான். ஒருநாள் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு பயிற்சியாளர் பார்த்துவிட்டு, கிளப்பின் சிறுவர் அணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நாலு வருஷம் ஆடினான். பிறகு உயரம் போதவில்லை என்று கழித்துவிட்டார்கள். "அம்மாவப் பார்த்தாலே தெரியுது, இவன் வளர மாட்டான்" என்று கழித்த ஆள் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குத் தொண்டை வரை வந்தது. அவனைப் பெற்றவள் ஐயா, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம்! ஆனால் எப்படிச் சொல்வது?

அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தது அவனுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது. யாரோ யாரிடமோ எண் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. "நான்தாண்டி" என்றது குரல். நான் போனைக் கீழே போட்டுவிட்டேன். எடுத்து மறுபடி காதில் வைத்தபோது அவள் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டில்தான் அவள் என் அக்கா என்று எனக்கு உறுதியானது. வேறொரு நாட்டில், துணிக்கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டு, ஓர் அறையில் இருந்தாள். அவளுக்கு அங்கே இருக்க அனுமதி உண்டு, அவ்வளவுதான்.

மறுநாளே வக்கீலிடம் ஓடினேன். வக்கீல் என்னைவிடச் சின்னப் பெண், நம் பாஷை பேசுகிறவள். முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"பையனோட அம்மாவக் கூட்டிட்டு வரணும்னு கேட்டா, அம்மாதான் ஏற்கெனவே இங்க இருக்காங்களேன்னு கேப்பாங்க."

"ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். பார்த்தா தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சிடும். அப்புறம் நீங்க யாருன்னு கேப்பாங்க. உங்கள உள்ள விட்டது அவனோட அம்மான்னு. உங்க பொண்ண விட்டது அவனோட தங்கச்சின்னு. ஒரு நூலப் பிடிச்சு இழுத்தா சட்டையே பிரிஞ்சிடும்க்கா. நல்ல அதிகாரியாக் கிடைச்சா விட்டுடலாம். கிடைக்கலன்னா மூணு பேரையும் திருப்பி அனுப்பலாம். எது நடக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"நாங்க பொய்யே சொல்லலயேம்மா."

"தெரியும்க்கா" என்றாள்.

நம் பேச்சில் எங்கே பொய் இருக்கிறது, சொல்லுங்கள். அக்கா பிள்ளை என்றால் எனக்கும் பிள்ளைதானே? என் மகள் அவனுக்குத் தங்கச்சிதானே? அக்கா தங்கை வீட்டில் எவன் வயிற்றுக் கணக்குப் பார்த்தான்? ஆனால் அந்த மேசையில் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் இரண்டு பிள்ளைகளும் விழுந்துவிடும்.

சுண்டு வளர்ந்தான். என்னைவிட ஒரு முழம் கூடவே வளர்ந்தான். கழித்துக் கட்டின ஆளே பிறகு வந்து கை குலுக்கி, கிளப்பில் திரும்பச் சேர்த்துக்கொண்டார். முதலில் மழையும் சேறுமாக இருக்கிற ஒரு சின்ன ஊர் அணிக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே மாற்று ஆட்டக்காரர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குக் கால் மரத்துப் போனது. பெரிய அணியில் இடது ஓரத்தில் ஆடினவனுக்குத் தொடைத் தசை கிழிந்ததும் இவனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒருத்தனுக்குக் கெட்ட காலம் வந்தால்தான் இன்னொருத்தனுக்குக் கதவு திறக்கிறது. முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தான்.

அதற்கப்புறம் பத்திரிகைக்காரர்கள் எங்கள் சலவைக் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். "ரத்தக் கறை கழுவி மகனை வளர்த்த தாய்" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். சுண்டுவிடம் கேட்டால் அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டே "எல்லாம் எங்கம்மாதான்" என்பான். ஒவ்வொரு பேட்டியும் அந்தப் பொய்யின் மேல் இன்னொரு ஆணி. படத்தை அக்காவுக்கு நான் அனுப்ப மாட்டேன். எப்படியும் அவள் பார்த்துவிடுவாள். "கொஞ்சம் தலைய வாரிட்டு நின்னிருக்கக் கூடாது?" என்று மட்டும் கேட்பாள்.

குடியுரிமை வந்ததும் சுண்டு இரண்டு தடவை போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தான். முதல் தடவை அவள் ஓட்டல் அறையில் தரையில் உட்கார்ந்து அவன் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாளாம். விரல் நகம் ஒன்று கறுத்திருந்ததைப் பார்த்து, "யாருடா மிதிச்சது?" என்றாளாம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் சும்மா ஓடியது.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை, அவன் ஆடுவதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். "டிவியில பந்துக்குப் பின்னாலயே போறாங்கடி. அவன் சும்மா நிக்கிறப்ப காட்டவே மாட்டேங்கறாங்க. நான் அவன் நிக்கிறதப் பாக்கணும்."

இந்த வருஷம் கிளப்பில் ஒரு யோசனை வந்தது. கடைசி ஆட்டத்துக்கு ஒவ்வொரு ஆட்டக்காரனும் தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வர வேண்டும். கிளப்பில் குடும்பங்களைக் கவனிக்கிற பெண்மணி ஒருத்தி இருந்தாள், எப்போதும் சிரித்த முகம். அவள்தான் வந்து சொன்னாள். அம்மா இல்லாதவர்கள், வர முடியாதவர்கள், அத்தை, பெரியம்மா யாரையாவது கூட்டி வரலாமாம்.

பெரியம்மா என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு முட்டி வலித்தது.

திட்டம் என்னுடையதுதான். அரசாங்கக் கணக்கில் அக்கா அவனுக்குப் பெரியம்மா. பெரியம்மாவாக ஒரு வாரத்துக்கு விருந்தாளி விசா கேட்கலாம், கிளப்பே அழைப்பு கொடுக்கும். வந்தபின் எனக்கு முட்டி வலி தாங்க முடியாமல் போகும், அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். உலகமே பார்க்கிற இடத்தில், வேறு பெயரில், பெற்றவளும் பிள்ளையும் நடப்பார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? வக்கீல் கூட "இதுல தப்பு கண்டுபிடிக்க வழியில்லக்கா" என்றாள். கிளப் டாக்டர் என் முட்டிக்குக் களிம்பு கொடுத்தார். நான் அதைக் கதவுக் கீலுக்குத் தடவினேன்.

விசா நேர்காணலுக்கு அக்காவைப் போனிலேயே தயார் செய்தோம். என் மகள்தான் அதிகாரி.

"சுண்டு உங்களுக்கு யாரு?"

"தங்கச்சி மகன்."

"சத்தமா சொல்லுங்க பெரியம்மா."

"தங்கச்சி மகன்! தங்கச்சி மகன்! போதுமாடி? நான் என்ன பச்சைப் பிள்ளையா?"

சுண்டு சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நாலைந்து தடவைக்கு மேல் அவனால் முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான்.

நேர்காணல் அன்று சலவைக் கூடத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு விரிப்பை மடிப்போடு உருளைக்குள் விட்டுவிட்டேன், எதிரில் இருந்தவள் கத்தினாள். மத்தியானம் போன் வந்தது.

"இந்தத் தடவ நம்ம ஆளுடி" என்றாள் அக்கா. "பேசிக்கொடுத்தவன் நம்ம பாஷைய நம்மள மாதிரியே பேசறான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒழுங்காதான் பதில் சொன்னேன். கடைசியில அந்த அதிகாரியம்மா நம்ம சுண்டு போட்டோவ எடுத்து முன்னால வச்சுது. சட்டையோட, நம்பரோட. சிரிச்சிட்டிருந்தான். இது யாருன்னு கேட்டாங்க."

நான் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தேன்.

"என் மகன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ அக்கா."

"தங்கச்சி பிள்ளைய மகன்னு சொல்றதுதானேன்னு அந்தத் தம்பியே எடுத்துச் சொல்லிப் பார்த்தான்டி, நல்ல பையன். அந்தம்மா விடல. பெத்த மகனான்னு கேட்டுச்சு. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்." அவள் மூச்சு வாங்கினாள். "போட்டோ முன்னால இருக்குடி. அவனப் பார்த்துக்கிட்டே இல்லன்னு எப்படிச் சொல்றது? வாய் வரல. உக்காந்தே இருந்தேன்."

அன்றைக்கு அரைகுறையாய்த் தெரிந்தவன் கெடுத்தான் என்றால், இன்றைக்கு முழுதாய்த் தெரிந்தவன் இருந்தும் பிழைக்கவில்லை. முன்னுக்குப் பின் முரணான தகவல் என்று விசாவை மறுத்துவிட்டார்கள். வக்கீல் இந்த முறை பேனாவையே எடுக்கவில்லை. "இனிமே ரொம்ப வருஷத்துக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. அந்த 'மகன்'கிற வார்த்தைய யாராவது தோண்டாம இருந்தாலே நமக்கு நல்ல காலம்" என்றாள்.

அன்று சாயங்காலம் சுண்டு பயிற்சியிலிருந்து நேராகச் சமையலறைக்கு வந்தான். காலணியைக்கூடக் கழற்றவில்லை. "நான் போய் உண்மையச் சொல்லிடறேன் சின்னம்மா" என்றான்.

"சொல்லு. சொல்லிட்டு?"

"எங்க வேணும்னாலும் அனுப்பட்டும்."

"உன்ன எந்த நாட்டு கிளப்பும் வா வான்னு கூப்பிடும். உன் தங்கச்சி நர்ஸ் படிப்பு கடைசி வருஷம். அவ எங்க போவா?"

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "அத்தன ஆயிரம் பேரு என் பேரச் சொல்லிக் கத்தறாங்க. நான் ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியல." நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? எனக்கு அந்த அதிகாரி மேல் கோபம் வரவில்லை, புத்தகக்காரர் மேல்கூட வரவில்லை. கோபப்படுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்காமல் போவதுபோல் கொடுமை வேறில்லை.

கடைசி ஆட்டம் வந்தது. நான் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். மைதானத்துக்குள் போகிற சுரங்கப் பாதையில் வரிசையாக அம்மாக்கள். கோல் காப்பவனின் அம்மா அவனைவிட உயரமாக இருந்தாள். எல்லோரும் பிள்ளைகளின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சுண்டு என் கையைப் பிடித்தான். பனிக்கட்டி மாதிரி இருந்தது அவன் கை. என்னடா இது என்று, இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திப் பரபரவென்று தேய்த்துவிட்டேன். அவன் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும் வெளிச்சமும் இரைச்சலும் முகத்தில் அடித்தன. ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லி, பிறகு "அவருடைய அம்மா" என்றது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. யாரோ செய்த கல்யாணத்துக்கு நான் மொய் வாங்குகிற மாதிரி கூசிப்போனேன். நடு வட்டம் வரை நடந்து, திரும்பி வந்தேன். கிளப்பின் அந்தச் சிரித்த முகப் பெண்மணி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "முட்டி சரியாயிடுச்சு போல!" என்றாள். அப்போதுதான் நொண்ட மறந்தது எனக்கு நினைவு வந்தது. "டாக்டர் களிம்பு நல்லா கேக்குது" என்றேன்.

அவன் அன்றைக்குச் சரியாகவே ஆடவில்லை. யாருமில்லாத கோலுக்கு நேராக நின்று, பந்தை மேலே சுண்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பார்த்தியாக்கா?"

"பார்த்தேன். கோட்டு நல்லா இருந்துச்சு. கீழ என்னவோ எழுத்து ஓடிச்சு, பக்கத்து ரூம் பொண்ணு படிச்சுச் சொன்னா." என்ன எழுத்து என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நொண்டாம நடந்தியே?"

"மறந்துட்டேன்."

இருவரும் சிரித்தோம். நிஜமாகவே சிரித்தோம். பிறகு அவள் கேட்டாள்: "உள்ள வர்றப்ப அவன் கை சில்லுன்னு இருந்துச்சா?"

"ஐஸு மாதிரி இருந்துச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

"பயந்தா அப்படித்தான், பொறந்ததுலேர்ந்து. ரெண்டு கையிலயும் வச்சுப் பொத்தித் தேச்சு விட்டா அடங்கிடும். நான் அப்படித்தான் பண்ணுவேன். நான் வந்திருந்தா..."

"தேச்சு விட்டேன்க்கா" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, அவசர அவசரமாகச் சொன்னேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"அதையும் நீயே பண்ணிட்டியா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், சின்ன வயதிலிருந்து எங்களுக்கு அது பழக்கம்தான். போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவளே மறுபடி பேசினாள்.

"சரி, வை. பிள்ள சாப்பிட்டானான்னு பாரு."